வாலில் வைத்த இலை

வறண்ட காட்டுக்கு நடுவே ஒரு மடு. அதன் மேல்கரையில் உடும்பும் கீரியும் நரியும் குடியிருந்தன. கீழ்க்கரையில் காட்டுப்பன்றிகளும் புனுகுப்பூனைகளும் குடியிருந்தன. கோடை வந்தால் மடு சுருங்கிச் சின்னக் குட்டையாகிவிடும். முதலில் இறங்குகிற கரைக்குத் தெளிந்த தண்ணீர். பிறகு வருகிற கரைக்குச் சேறு!

இதற்காகக் கடித்துக் குதறிச் செத்தவை கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. கோடைக்கு ஒரு மல்யுத்தம். கரைக்கு ஓர் ஆள். ஜெயித்த கரை முதலில் குடிக்கும்.

மல்யுத்தம் என்றால் கண்டபடி உருளுவது இல்லை. நிமிர்ந்து நிற்க வேண்டும். மார்போடு மார்பு சேர்த்து, இடுப்புக்கு மேலேதான் பிடி. பல் ஆகாது, கால் போடக் கூடாது, வால் போடக் கூடாது. போட்டால் தோல்வி. முதுகில் மண் ஒட்டினாலும் தோல்வி.

அந்தக் களத்தில் பொறையன் என்ற உடும்பைப் போல இன்னொன்று நின்றதில்லை! பொறையன் பிடித்தால் பிடித்ததுதான். மலை நகர்ந்தாலும் பிடி நகராது. கீழ்க்கரைத் தலைவன் மொத்தையன், எருமைக்கன்று கனமுள்ள பன்றி. அதையே அலாக்காகத் தூக்கி மல்லாத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதைக்கூட விடுங்கள். உடும்புக்கு ஆயுதமே வால்தானே? ஒரு வீச்சு வீசினால் நாயின் கால் ஒடியும். அப்பேர்ப்பட்ட வால், பொறையன் களத்தில் நிற்கும்போது செத்த பாம்பு மாதிரி மண்ணில் கிடக்கும். எத்தனை கோடை போனாலும் அசைந்ததில்லை. அதைப் பார்க்கவே எதிர்க்கரை வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும்.

மூப்பு வந்தது. பொறையன் களத்தை விட்டு ஆசானாக மாறியது. பழக வருகிறவற்றின் வாலில் ஓர் ஆலிலையை வைக்கும். "இப்போ பிடி போடு. இலை விழக் கூடாது!" என்னும். அவ்வளவுதான் பாடம்.

பிறகு இரண்டு கரையும் சேர்ந்து அதையே நடுவராக்கின. "என் முதுகிலே மண்ணை ஒட்டவச்ச ஆளு. அவன் வாய்ச்சொல் எனக்குப் போதும்," என்றது மொத்தையன்.

இந்தக் கோடையில் மேல்கரைக்காக நின்றது சிலும்பி என்ற தாய்க்கீரி. பொறையனிடம் கடைசியாகப் பழகியது அதுதான். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்து, வயிற்றால் போய், அதன் குட்டி ஒன்று செத்துப்போனது. மிச்சக் குட்டிகளாவது பிழைக்க வேண்டுமே என்று அதற்கு உறக்கமே இல்லை.

நரி கிட்டே வந்து காதைக் கடித்தது. "ஏன் தங்கச்சி பயப்படுறே? நடுவர் யாரு? நம்ம கரை ஆளு, உன் ஆசான்! கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்டுக்க மாட்டாரு!"

அந்தச் சொல் சிலும்பியின் காதில் ஒட்டிக்கொண்டது.

போட்டி தொடங்கியது. எதிரே கருவடு என்ற புனுகுப்பூனை. அது சிலும்பியை இறுக்கிக் கட்டித் தூக்கப் பார்த்தது. சிலும்பிக்கு மூச்சு முட்டியது. பின்னங்கால்கள் மண்ணை விட்டு எழும்பின. அப்போது கரையில் நாக்கு வறண்டு நின்ற தன் குட்டிகளைப் பார்த்தது. பார்த்ததுதான் தாமதம், எழும்பிய புழுதி மறைவில் வால் சுழன்று போய்க் கருவடுவின் காலைக் கொக்கி போட்டு இழுத்தது!

தொப்! கருவடு மல்லாந்து விழுந்தது. புழுதி இன்னும் எழும்பியது.

"ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!" மேல்கரை குதித்தது.

புழுதி அடங்கியது. தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பொறையன் எழுந்தது. மெல்ல நடந்து போய்க் கருவடுவின் கையைப் பிடித்து உயர்த்தியது.

"வால் போட்டாச்சு. கீழ்க்கரைக்கு வெற்றி!"

நரி களத்துக்குள் பாய்ந்தது. "யோவ் கிழவா! அந்தப் புழுதியிலே உமக்கு என்னய்யா தெரிஞ்சிருக்கும்?"

"புழுதி உன் கண்ணு மட்டத்துக்கு எழும்புச்சு. என் கண்ணு தரையிலே இருந்துச்சு."

"நம்ம புள்ளைங்க சேறு குடிக்கணுமா? நீரும் அந்தச் சேத்தைத்தானே குடிப்பீர்!"

"குடிப்பேன்," என்றது பொறையன்.

மேல்கரையிலிருந்து கற்கள் பறந்தன. ஒரு கல் பொறையனின் நெற்றியில் பட்டு ரத்தம் வழிந்தது. சிலும்பி அதன் வாலைப் பார்த்தது. அந்த வால் அசையவில்லை! தன் சொந்தக் கரையே கல்லெறிகிறது, அப்போதும் அசையவில்லை! சிலும்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது.

"சிலும்பி, நீயே சொல்லு!" என்று நரி கத்தியது. "வால் போட்டியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிலும்பி தன் குட்டிகளைப் பார்த்தது. ஆசானைப் பார்த்தது.

"இலை விழுந்துடுச்சு அண்ணே," என்றது.

மறுநாள் விடிந்தது. கீழ்க்கரை மடுவுக்கு இறங்கியது. பன்றிகள் தண்ணீரைக் கண்டால் சும்மா குடிக்குமா? உள்ளே விழுந்து புரண்டு கலக்கிவிட்டுத்தான் போகும். எதிர்க்கரையில் சிலும்பி குட்டிகளை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

"நில்லுங்கடா!"

மொத்தையனின் உறுமல்! சிலும்பி கண்ணைத் திறந்தது.

"ஒருத்தன் காலும் தண்ணியிலே படக் கூடாது. ஓரத்திலே நின்னு குடிங்க!"

"ஏன் தாத்தா? ஜெயிச்சது நாமதானே?" என்றது ஒரு பன்றிக்குட்டி.

"யாராலேடா ஜெயிச்சோம்? அந்தக் கிழவன் கல்லடி பட்டுக்கிட்டு நமக்கு நியாயம் சொன்னான். அவன் குடிக்கிற தண்ணியைக் கலக்கலாமா? நாம பன்றிதான்டா. ஆனா அவ்வளவு கேடுகெட்ட பன்றி இல்லை!"

ஆசை தாங்காமல் தண்ணீரில் கால் வைக்கப் போன ஒரு குட்டியைத் தாய்ப்பன்றி காதைக் கவ்வி இழுத்தது. அத்தனை பன்றிகளும் ஓரத்தில் வரிசையாக நின்று, கழுத்தை நீட்டிக் குடித்துவிட்டுப் போயின. அந்தக் காடு அதுவரை காணாத காட்சி!

வெயில் ஏறியபோது தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அடி மணல் தெரிந்தது. சிலும்பியின் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. கல்லெறிந்தவையும் தலையைக் குனிந்துகொண்டு குடித்தன. எல்லாம் குடித்த பிறகு, கடைசியாகப் பொறையன் வந்து வாய் வைத்தது. மரத்திலிருந்து ஓர் இலை அதன் வாலில் விழுந்தது. குடித்து முடிக்கும் வரை அது அங்கேயே இருந்தது.

தன்னவர் என்று சாயாத நடுவர் இருக்கிற இடத்தில், தோற்றவருக்கும் தெளிந்த தண்ணீர் கிடைக்கும்.