பத்துக்கு மேல் ஒரு சுருள்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உண்மையாகவே இருந்தது. பலாமரத்தடியில் வகுப்பு, பெரிய பாறைதான் கரும்பலகை, மணியடிக்க ஒரு மரங்கொத்தி. அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிங்காரி டீச்சர். அவள் ஒரு குரங்கு.

சிங்காரி டீச்சருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். கணக்கு என்றாலும் உயிர். ஆனால் எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை தன்னுடைய பத்து விரல்கள்தான். காலையில் எழுந்ததும் பத்தையும் ஓடையில் கழுவி, ஒவ்வொன்றாக ஊதி உலர்த்தி, "என் செல்லங்களே!" என்று கொஞ்சிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள்.

"பிள்ளைகளே, கணக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்பாள்.

"விரலில் இருக்கிறது டீச்சர்!" என்று வகுப்பே அலறும்.

விரல் இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். மான்குட்டி புள்ளிக்கு இருப்பது நான்கு கால். அதனால் நாலு வரைக்கும் எண்ணுவாள். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"மூன்றும் இரண்டும் எத்தனை, புள்ளி?"

"நிறைய, டீச்சர்!"

"சரி, ஆறும் ஒன்றும்?"

"இன்னும் நிறைய, டீச்சர்!"

யானைக்குட்டி தடியனுக்குக் காலில் நகங்கள் உண்டு. என்ன செய்வது, குனிந்து பார்த்தால் வயிறு மறைக்கிறது! "ஏய் மொச்சை, என் காலில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லேன்" என்று பக்கத்தில் இருக்கும் முயல்குட்டியிடம் கெஞ்சுவான். மொச்சை பார்க்கப் போவாள், போன இடத்தில் ஒரு புல்லைக் கண்டதும் கணக்கை மறந்து மேய ஆரம்பித்துவிடுவாள்.

இவர்களோடு நெளியன் என்று ஒரு சாரைப்பாம்புக் குட்டியும் படித்தான். அவனை முதன்முதலில் பார்த்த அன்றே டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவமே! உனக்கு ஒரு விரல்கூட இல்லையே! நீ எதை வைத்து எண்ணுவாய்? சரி சரி, கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எண்ணுவதை வேடிக்கை பார், ராஜா."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நெளியனும் கடைசி வரிசைக்குப் போனான். அங்கே அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவனும் எதுவும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் காதோடு ஒரு ரகசியம் சொல்கிறேன். சிங்காரி டீச்சருக்கே பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது! பத்து விரலும் தீர்ந்ததும் மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பிப்பாள். இதுவரை எத்தனை பத்து போயிற்று என்பது அவளுக்கு நினைவிருக்காது. வகுப்பில் இருந்த பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது கேட்க வேண்டுமே!

"ஒன்று, இரண்டு, மூன்று... பத்து! ஒன்று, இரண்டு... பத்து! ஒன்று... பத்து! ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆக நாலு பேர். எல்லோரும் வந்துவிட்டீர்கள்!"

"நாலு பேருக்கா டீச்சர் இவ்வளவு இரைச்சல்?" என்று தடியன் கேட்பான்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன், வாயை மூடு!" என்பாள் டீச்சர்.

அந்தக் காட்டு ராஜா சிங்கம் பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்று நினைப்பவர். மதியம் ஆளுக்கு ஒரு கொய்யாப்பழம் என்று உத்தரவு போட்டிருந்தார். தோப்பிலிருந்து பறித்துக் கூடையில் கொண்டு வருவது நரியின் வேலை. பிள்ளைகள் அவனை நரி மாமா என்பார்கள். வந்ததும் டீச்சர் பழத்தை எண்ணுவாள். நாலில் முடியும். "நாலு பிள்ளை, நாலு பழம், சரி!" என்று விரலை உதறுவாள்.

ஒரு நாள் நரி அவள் எண்ணுவதைக் காது கொடுத்துக் கேட்டான். கேட்டவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புதருக்குப் பின்னால் ஓடிப்போய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடி சக்கை! கடைசியில் நாலு வந்தால் போதுமா? இது தெரியாமல் இத்தனை நாள் எல்லாப் பழத்தையும் கொடுத்துத் தொலைத்தேனே!"

அடுத்த திங்கட்கிழமை வந்தது. நரி இருபத்து நான்கு பழங்கள்தான் கொண்டுவந்தான். கூடைக்கு அடியில் இலையை அடைத்து, மேலே பழத்தைப் பரப்பியிருந்தான். டீச்சர் எண்ணினாள். பத்து, இன்னொரு பத்து, அப்புறம் நாலு.

"நாலு! சரி!" என்றாள்.

பத்துப் பிள்ளைகளுக்குப் பழம் இல்லை.

"இது என்ன கூத்து? எண்ணியது சரியாக இருந்ததே!" என்று டீச்சர் திகைத்தாள்.

"யாரோ இரண்டு முறை வரிசையில் வந்திருக்கிறார்கள், டீச்சரம்மா" என்று நரி பெருமூச்சு விட்டான். "நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தும்பிக்கைக்காரன் வயிற்றைக் கொஞ்சம் பாருங்கள்."

தடியன் எவ்வளவோ சத்தியம் செய்து பார்த்தான். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? ஒரு மணி நேரம் பலாமரத்தைச் சுற்றி ஓடு என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை நரி பதினான்கு பழங்கள் கொண்டுவந்தான். டீச்சர் எண்ணினாள். பத்து, நாலு. "சரி!" என்றாள். இருபது பிள்ளைகள் வெறும் வாயை மென்றார்கள்.

"இன்றைக்கு அந்தப் பாம்புப் பயல்தான்" என்றான் நரி. "மென்று தின்கிறவன் பிடிபடுவான். அப்படியே விழுங்குகிறவனை எப்படிப் பிடிப்பது?"

டீச்சர் நெளியனைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தாள். உடம்பு கயிறு மாதிரி ஒட்டிப்போயிருந்தது. பாவம், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கு இரண்டு நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை. டீச்சருக்கு என்னவோ போலாகிவிட்டது.

"டீச்சர், நான் ஒன்று சொல்லட்டுமா?" என்றான் நெளியன்.

"கணக்கைப் பற்றியா?"

"ஆமாம் டீச்சர்."

"விரல் முளைத்ததும் சொல், ராஜா" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்துபோனாள்.

அன்று மாலை மொச்சையின் அம்மா காதை விறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இங்கே பாருங்கள் டீச்சர். என் பிள்ளை பசியில் மயங்கி மயங்கி விழுகிறாள். நாளைக்கும் இப்படி என்றால் மறுநாளிலிருந்து அனுப்ப மாட்டேன். நான் மட்டும் இல்லை, யாருமே அனுப்ப மாட்டோம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுக் கிளையில் தொங்குங்கள்!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடம் மூடிவிட்டால் யாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது? "நிறைய, டீச்சர்!" என்று யார் கத்துவார்கள்?

புதன்கிழமை வந்தது. நரிக்கு இப்போது துணிச்சல் தலைக்கேறிவிட்டது. அந்தப் பெரிய கூடை நிறைய இலை. அதன் மேல் பழங்கள் எத்தனை தெரியுமா? நாலே நாலு!

டீச்சர் எண்ணினாள். "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு." இன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று ஒரு நொடி யோசித்தாள். "நாலுதான். சரி..." என்று இழுத்தாள்.

வரிசையில் நாலு பேர் வாங்கினார்கள். கூடை காலி! பின்னால் முப்பது பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மொச்சை, "டீச்சர், இன்றைக்குமா?" என்று கேட்டுவிட்டு விசும்ப ஆரம்பித்தாள். அவ்வளவுதான், முப்பது பேரும் சேர்ந்து ஓவென்று அழுதார்கள். மரங்கொத்தி பயந்துபோய் நேரங்கெட்ட நேரத்தில் மணியடித்தது.

டீச்சர் தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் பளபளவென்று இருந்தன. ஆனால் ஒன்றுகூட அவளுக்கு உதவவில்லை. அவள் மெதுவாகப் பாறை மேல் ஏறி நின்றாள்.

"பிள்ளைகளே, அழாதீர்கள். எனக்கு..." பத்து விரலையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "எனக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது!" என்று சொல்லிவிட்டாள்.



"அட, இவ்வளவுதானா டீச்சர்? எனக்கு இரண்டுக்கு மேலேயே தெரியாதே!" என்றான் தடியன்.

வகுப்பே கொல்லென்று சிரித்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மொச்சைகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது.

"யாருக்காவது தெரியுமா? யாராக இருந்தாலும் சரி" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும், டீச்சர்" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நெளியா! நீயா? எப்படியடா?"

"என்னிடம் விரல் இல்லை. அதனால் பத்து முடிந்ததும் உடம்பில் ஒரு சுருள் போட்டுக்கொள்வேன். மறுபடி பத்து முடிந்தால் இன்னொரு சுருள். கடைசியில் சுருளைப் பார்த்தால் எத்தனை பத்து போயிற்று என்று தெரிந்துவிடும். நீங்கள் மறந்துபோகிறீர்கள், என் உடம்பு மறக்காது."

டீச்சர் வாயைப் பிளந்தாள். அப்புறம் பாறையிலிருந்து ஒரே தாவு தாவி நெளியன் பக்கத்தில் வந்து குதித்தாள்.

"வா, இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம். விரல் என்னுடையது, சுருள் உன்னுடையது!"

டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள். "...எட்டு, ஒன்பது, பத்து!"

"ஒரு சுருள்!" என்று நெளியன் வளைந்தான்.

"...ஒன்பது, பத்து!"

"இரண்டு சுருள்!"

"...பத்து!"

"மூன்று சுருள்!"

"ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவுதான்!"

"மூன்று சுருளும் நாலும். முப்பத்து நான்கு பேர், டீச்சர்!"

"முப்பத்து நான்கா! அடேயப்பா, இவ்வளவு பேருக்கா நான் பாடம் எடுக்கிறேன்?" டீச்சர் குதித்த குதியில் பலாமரத்திலிருந்து ஒரு பிஞ்சு விழுந்தது. "சரி, இன்றைக்கு வந்த பழம்?"

"சுருளே இல்லை டீச்சர். வெறும் நாலு."

"அப்படியானால் குறைவது?"

"மூன்று சுருள்" என்றான் நெளியன். "நேற்று இரண்டு சுருள், முந்தாநாள் ஒரு சுருள்."

மெதுவாக நழுவப் பார்த்த நரியின் வாலைத் தடியன் தும்பிக்கையால் பிடித்துக்கொண்டான். இரண்டு நாள் முன்பு வியர்க்க வியர்க்க ஓடியது அவனுக்கு மறக்கவில்லை.

"டீச்சரம்மா! விரலில்தான் கணக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பாம்பு சுருண்டால் அதெல்லாம் கணக்காகுமா?" என்று நரி பதறினான்.

"ஆகுமா, ஆகாதா என்று ராஜாவிடமே கேட்டுவிடுவோமா?" என்றாள் டீச்சர்.

நரி சட்டென்று கும்பிட்டான். "ஐயையோ, வேண்டாம்! எல்லாம் என் குகையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை என் பிறந்தநாள் விருந்துக்கு எடுத்துவைத்தேன்!"

ஓடினான், சுமந்தான், மறுபடி ஓடினான். பலாமரத்தடியில் கொய்யாப்பழம் குவிந்தது. டீச்சர் எண்ண எண்ண நெளியன் சுருண்டுகொண்டே போனான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு சுருள் ஆனபோது அவன் தலையும் வால் நுனியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"ஒரு சுருளும், இரண்டு சுருளும், மூன்று சுருளும் சேர்த்து ஆறு சுருள். அறுபது பழம்! சரி!" என்றாள் டீச்சர். இந்த முறை அவள் சொன்ன "சரி" உண்மையிலேயே சரியாக இருந்தது.

"நூறு பழம் வந்தால் என்ன செய்வாய், நெளியா? உன் உடம்பு முடிச்சு விழுந்துவிடுமே!" என்று புள்ளி கேட்டாள்.

"என் அம்மாவைக் கூட்டி வருவேன். என்னுடைய பத்துச் சுருளுக்கு அவள் ஒரு சுருள் போட்டால் போதும்."

"ஆயிரம் வந்தால்?"

"பக்கத்துக் காட்டு மலைப்பாம்புப் பெரியம்மா இருக்கிறாள்."

"வேண்டாம், வேண்டாம்! நாங்கள் ஆயிரத்தை அடுத்த வருஷம் படித்துக்கொள்கிறோம்!" என்று மொச்சை தடியனின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் பழத்தைக் கடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள்.

மறுநாள் மதியம் நரி கூடையோடு வந்தான். யாரும் கேட்பதற்கு முன்பே, "மூன்று சுருளும் நாலும், டீச்சரம்மா!" என்று பல்லை இளித்தான்.

"பரவாயில்லையே, நீயும் கணக்குக் கற்றுக்கொண்டாய்! இருந்தாலும் ஒரு தடவை எண்ணிவிடுவோம்" என்றாள் டீச்சர்.

எண்ணினார்கள். மூன்று சுருளும் மூன்றும் வந்தது.

முப்பத்து நான்கு பிள்ளைகளும் டீச்சரும் நரியையே பார்த்தார்கள். நரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி, கக்கத்தில் இருந்த ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கூடையில் வைத்தான்.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, சின்னவரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்பவரை யாராலும் ஏமாற்ற முடியாது.