சுடாத முதுகு

பாறைகள் நிறைந்த ஒரு காட்டில் தாய்க்கரடி ஒன்று தன் குட்டியோடு குடியிருந்தது. எங்கே போனாலும் குட்டி அம்மாவின் முதுகில்தான் போகும். கீழே கால் வைக்காது. கரடிக் குட்டிகளின் வழக்கமே அதுதான்.

அதே காட்டில் ஒரு கழுதைப்புலியும் இருந்தது. "எப்பப் பார்த்தாலும் முதுகிலேயே இருக்குதே! ஒரு நாள் இறங்காமலா போகும்?" என்று சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு நாள் தாய்க்கரடியின் காலில் முள்ளம்பன்றி முள் ஏறிவிட்டது. கரடி அதைப் பல்லால் பிடுங்கிப் போட்டது. ஆனாலும் புண் சீழ் பிடித்தது. மூன்றாம் நாள் கரடி குகைக்குள் சுருண்டு படுத்தது. தின்னவில்லை, பேசவில்லை.

குட்டி வழக்கம்போல முதுகில் ஏறியது. கரடி உறுமி அதை உதறித் தள்ளியது.

"நான் என்னம்மா பண்ணினேன்?"

கரடி பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

குட்டி அழுதுகொண்டே வெளியே வந்தது. கழுதைப்புலி அங்கே நின்றது.

"என்ன கண்ணு, நடந்து வர்றே? கால் தேஞ்சிடாதா?"

"அம்மா தள்ளிவிட்டுட்டாங்க, மாமா. என்னைக் கண்டாலே அவங்களுக்குப் பிடிக்கலை."

"உங்கம்மாவுக்கு எப்பவுமே தலைக்கனம்தான். முதுகுக்கா பஞ்சம்? என் மேலே ஏறிக்கோ. நம்ம வீடு அந்த மேட்டுக்கு அப்பால்தான்."

குட்டி ஏறி உட்கார்ந்தது. கழுதைப்புலி பத்தடி நடந்தது.

"மாமா, உங்க முதுகு சுடவே இல்லையே!"

"ஏன் சுடணும்?"

"அம்மா முதுகு இன்னிக்கு வெயில் பாறை மாதிரி சுட்டுது."

கழுதைப்புலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சுடறதுக்கு எனக்கென்ன உங்கம்மா மாதிரி காய்ச்சலா?"

"காய்ச்சலா? அப்போ அது கோபம் இல்லையா?"

குட்டி ஒரே குதியாகக் குதித்துக் குகையைப் பார்த்து ஓடியது. கழுதைப்புலி துரத்தியது. "அம்மா!" என்று குட்டி அலறியது.

தலையைத் தூக்க முடியாமல் கிடந்த கரடி அந்தக் குரலுக்கு எழுந்து நின்றது. புண்பட்ட காலை ஊன்றி வாசலுக்கு வந்து ஓங்கி ஓர் அறை விட்டது. கழுதைப்புலி கிழிந்த காதோடு ஓடிப்போனது.

அது போனதும் கரடி பொத்தென்று விழுந்தது.

"அம்மா, என் மேலே கோபமா?"

"இல்லைடா. புண்ணுக்குள்ளே சண்டை நடக்குது. அங்கிருந்து தலைக்குச் சேதிமேல சேதி வந்துட்டே இருக்கு. ஓடாதே, தின்னாதே, யாரோடும் சேராதே, இருக்கிற பலமெல்லாம் இங்கே வேணும்னு சொல்லுது. நீ கத்தினதும் அதெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிச்சு. இப்ப மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. பேசாம இரு."

குட்டி பேசாமல் இருந்தது. மாலையில் வாசலோரப் புற்றைக் கிளறிக் கொஞ்சம் கறையான் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தது. கரடி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குட்டி கோபித்துக்கொள்ளவில்லை. கை எட்டும் தூரத்தில் தானும் படுத்துக்கொண்டது.

நீதி: நோயில் ஒருவர் விலகிப் படுத்தால், அதை வெறுப்பு என்று எண்ணி நாமும் விலகிவிடக் கூடாது.