மை போட்ட கண்ணும் வெறும் பானையும்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பேராச்சி சுவரை எட்டிப் பார்த்தது மூன்று தடவை. வாய் தவறி இரண்டு என்று சொல்லிவிட்டால் ஒரு கோட்டையே விழுந்துபோகும். அதனால் சின்னவர்களும் பெரியவர்களும் விரலை மடக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முன்னொரு காலத்திலே, கிளியும் மைனாவும் வழக்குப் பேசிய காலத்திலே, வாகைக்கோட்டை என்று ஓர் ஊர். ஊருக்கு இரண்டே தெரு. கோட்டைக்கு ஒரே கதவு, கதவுக்கு இரண்டு தாழ். கீழத்தெருத் தாழுக்குக் காவல் பேராச்சி வீடு. மேலத்தெருத் தாழுக்குக் காவல் சடைச்சி வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்கு மேலே நெருப்பும் போகும், குழம்பும் போகும், ஊர்ப்பேச்சும் போகும்.

ஒருநாள் எதிரிப்படை வந்து கோட்டையை வளைத்துக்கொண்டது. ஆனால் படைக்கு முன்னாலேயே எதிரியின் மந்திரவாதி வந்து போய்விட்டான். மை விற்கிறவன் வேஷத்தில் வந்தான்.

"காசு வேண்டாம் தாயி, கண்ணு குளிர்ந்தால் போதும்" என்றான்.

சும்மா கிடைத்தால் விடுவார்களா? இரண்டு தெருவும் வாங்கிப் பூசிக்கொண்டது. தண்ணீரில் கழுவினால் போகாத மை அது.

முற்றுகை நீண்டது. வீட்டுக்கு வீடு ஒரே அளவாகத் தானியம் அளந்தார்கள். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தது. பேராச்சி ஒருநாள் சுவரை எட்டிப் பார்த்தாள். சடைச்சி பானையில் வெள்ளைச்சோறு பொங்கி வழிந்தது!

'அவளுக்கு மட்டும் ஏன்?' பேராச்சிக்கு வயிறு எரிந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சடைச்சியும் நிறுத்தினாள்.

மறுபடி எட்டிப் பார்த்தாள். சோற்றின்மேல் நெய் மிதந்தது, பக்கத்தில் வெல்லக்கட்டி! 'அவளுக்கு மட்டும் ஏன்?' எரிச்சலில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. சடைச்சி தும்மினால்கூட, நெய் அதிகமாகித் தும்முகிறாள் என்று தோன்றியது. தெருவில் சொன்னாள். தெருவே எட்டிப் பார்த்தது, தெருவுக்கே வயிறு எரிந்தது.

அப்போது கதவிடுக்கில் ஒரு குரல் கேட்டது.

"பேராச்சி, உன் தாழை மட்டும் உருவு. நாங்கள் மேலத்தெருவுக்குத்தான் போவோம். அந்த நெய்ச்சோறு உனக்கு."

"என் தெருவைத் தொடமாட்டீர்களே?"

"சத்தியமாக!"

பேராச்சி பாதித் தாழை உருவினாள். மனசைத் திடப்படுத்திக்கொள்ள மூன்றாம் தடவை சுவரோரம் போனாள். எட்டிப் பார்க்கும் நேரம் காற்றடித்துக் கண்ணில் மண் விழுந்தது. கண்ணை மூடினாள்.

கரக்... கரக்...

என்ன சத்தம்? கண்ணைத் திறந்தாள். நெய்ச்சோறு பொங்கியது. மூடினாள். கரக்... கரக்... அகப்பை அடிப்பானையைச் சுரண்டுகிற சத்தம். நிறைந்த பானையில் அது வராது. பேராச்சிக்குத் தெரியாதா? அவள் பானையும் பத்து நாளாய் அப்படித்தான் கத்துகிறது.

"அம்மா, இன்னும் வேகலையா?" என்றது ஒரு பிள்ளைக் குரல்.

"வேகும்டா ராசா, வேகும்."

கண்ணைத் திறக்காமலே பேராச்சி கேட்டாள்: "மதினி, பானையிலே என்ன வேகுது?"

"ஏன், தெரியாதோ? உன் வீட்டுப் பால்பாயசத்திலே ஒரு கரண்டி வந்து விழுமான்னு உலைத்தண்ணி காத்துக்கிடக்கு!"

"பாயசமா? நான் பாலைப் பார்த்தே மாசமாச்சு! இந்தா, கண்ணை மூடிக்கிட்டு என் அகப்பைச் சத்தத்தைக் கேளு."

கரக்... கரக்...

சடைச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சடைச்சி அலறினாள்: "ஐயோ மதினி! கீழத்தெருவுக்குத்தான் போவோம்னு ஒருத்தன் சொன்னான். இப்பத்தான் என் தாழை முழுசா உருவிட்டு வந்தேன்!"

இரண்டு பேரும் ஓடினார்கள். வெளியே யானை வந்து முட்டியது. பாதித் தாழ் முனகியது. பேராச்சி ஒன்றைத் தள்ள, சடைச்சி ஒன்றைத் தள்ள, இரண்டு தாழும் 'டக்' என்று ஏறின.

"எல்லாம் அந்தச் சும்மா வந்த மை பண்ற வேலை!" என்று சடைச்சி விளக்கில் மிஞ்சியிருந்த ஆமணக்கெண்ணெயை எடுத்தாள். பேராச்சி முந்தானையைக் கிழித்தாள். ஒருத்தி கண்ணை ஒருத்தி துடைத்தாள்.

"அடியே, இப்படி இளைச்சுப் போயிட்டியே!"

"நீ மட்டும் என்ன, பூசணிக்காயாட்டமா இருக்கே?"

இரண்டு தெருவும் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. மை படிந்த துணிகளைக் கோட்டைச்சுவர் மேலே குவித்துக் கொளுத்தினார்கள். புகை எதிரிப் பாசறைக்குள் இறங்கியது.

"உன் இலையிலே மட்டும் என்னடா கறி?" என்றான் ஒரு வீரன். "உன் இலையிலே மட்டும் என்னடா மீன்?" என்றான் மற்றவன். கைகலந்தார்கள், கலைந்து ஓடினார்கள். மந்திரவாதியோ ஒரு கழுதையைப் பார்த்து, 'இதற்கு மட்டும் ஏன் வால்?' என்று அழுதுகொண்டே அதன் பின்னால் போனவன், திரும்பவே இல்லை. அவர்கள் போட்டுவிட்டுப் போன அரிசி மூட்டைகளை இரண்டு தெருவும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றது.

"மறுபடி எவனாவது வந்தால்? மூன்றாவது தாழ் போடுவோம்" என்றார்கள் ஊரார்.

"தாழை வைத்துக்கொண்டுதானே ஏமாந்தோம்" என்றாள் பேராச்சி. கடப்பாரையை எடுத்து, இரண்டு அடுப்படிக்கும் நடுச்சுவரில், காது உயரத்துக்கு ஓர் ஓட்டை போட்டாள். சடைச்சியைப் பார்த்து வயிறு எரியும் போதெல்லாம் (எரியாமல் இருக்குமா, அவளும் மனுஷிதானே) கண்ணை மூடிக்கொண்டு அதில் காதை வைப்பாள்.

"மதினி, உன் அகப்பை என்ன சொல்லுது?"