எட்டிலேயே நின்ற வலி

"இந்த ஆப் சரியில்லை, டாக்டரம்மா" என்றார் பரமானந்தம்.

எஸ்தர் டாக்டர் இல்லை. வலி மருத்துவப் பிரிவில் ஆலோசகர், வயது இருபத்தெட்டு. பல முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனிதர், எப்படிக் கூப்பிட்டால்தான் என்ன?

"என்ன சரியில்லை, ஐயா?"

"தொண்ணூறு நாளா அது சொன்னபடி மூச்சை இழுத்து விடறேன். நடக்கறேன். வலி வந்தா பயப்படாம இருக்கப் பழகறேன். ஆனா பேத்தியை ஒரு தடவைகூடத் தூக்கலை."

"ஏன்?"

"மக தர மாட்டேங்கறா. பிரசவத்துக்கு வந்தவ. குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆச்சு, நாளைக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பறா."



எஸ்தர் அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று வலி எவ்வளவு என்று அந்த ஆப் தினமும் கேட்கும். அவர் போடும் எண் மகள் வினோதினியின் போனுக்கும் போகும்.

எட்டு. எட்டு. எட்டு.

தொண்ணூறு நாளும் எட்டு.

"இன்னைக்கு நிஜமா எவ்வளவு, ஐயா?"

பரமானந்தம் கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. நான்கு விரல்களைக் காட்டினார், அதுவும் மேசைக்கு அடியில்.

"வாயால சொல்லுங்களேன்."

"குறைஞ்சிருக்குன்னு சொன்னா கண்ணு பட்டுடும்மா. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட தேவலைன்னு சொல்லித் தொலைச்சேன். மறுநாளே படுத்த படுக்கை."

எஸ்தர் சிரிக்கவில்லை. அவளுக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவள் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

கைப்பையைத் திறந்து கண்மையை எடுத்தாள். போன் திரையின் மூலையில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

"இப்பப் போடுங்க."

அவர் பொட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நான்கு போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எஸ்தரின் போன் அடித்தது.

"மோசம் போனேன், டாக்டரம்மா. நாலுன்னு பார்த்ததும் மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில குழந்தையைக் குளிப்பாட்டிட்டு உங்க கையில தர்றேன்னு சொன்னா. இன்னைக்குப் பார்த்து ஆறு. சட்டைப் பையில போட்டதுல பொட்டு அழிஞ்சிருக்கும்."

"இருக்கலாம்."

"பத்து மணிக்கு கார் வந்துடும். மூணுன்னு போட்டுடட்டுமா?"

"மூணுன்னு போட்டா என்ன செய்வாங்க?"

"நிக்கிறபடியே குழந்தையைக் கையில கொடுத்துடுவா."

"கொடுக்கட்டும். அப்புறம்?"

"நிக்கிறப்போ இடுப்பு பிடிச்சுக்கிட்டா, குழந்தை..." என்று பாதியில் நிறுத்தினார்.

"வச்சிடறேம்மா" என்றார்.

ஆறு போட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

சற்று நேரத்தில் வினோதினி வந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தலையணை.

"ஆறாப்பா?"

"ஆறும்மா."

"சுவத்துல சாஞ்சு உட்காருங்க. காலை நீட்டிக்குங்க."

தலையணையை அவர் மடியில் வைத்தாள். அதன் மேல் குழந்தையைக் கிடத்தி, அவர் கையை எடுத்து அதன் தலைக்கடியில் கொடுத்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. பரமானந்தம் மூச்சு விடவே பயந்தார்.

"ஆறுன்னு பார்த்தா தர மாட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

"ஆறுன்னா எப்படித் தரணும்னு தெரியும்ப்பா. தினம் தினம் எட்டுன்னா நான் என்ன பண்ணுவேன்?"