பட்டை இல்லாத வக்கீல்

வக்கீல் சங்கத்து மாத இதழுக்கு விளம்பரம் சேர்க்கும் வேலை செண்பகவல்லிக்கு. பின்னட்டை இரண்டு மாதமாகக் காலி. இந்த மாதமும் நிரம்பாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் கோட்டும் அங்கியும் தைக்கும் தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் போனாள். கடையில் நாலு பேர் நின்றதால் அண்ணாச்சிக்குக் குரல் ஏறியது.

"உங்க புத்தகத்தை வக்கீல்மார் வாங்குறதே வடை மடிக்கத்தான். அதைப் பார்த்து ஒரே ஒரு வக்கீல் எனக்குப் போன் பண்ணட்டும், ஒரு வருசத்துக்குப் பின்னட்டை என்னோடது."

"அப்ப சின்னதா ஒண்ணு இலவசமாப் போடுறேன் அண்ணாச்சி. படம் வரைஞ்சு கொண்டு வாரேன், பார்த்துச் சொல்லுங்க."

"எவனும் பார்க்காததை நான் எதுக்குப் பார்க்கணும்? போட்டுக்கோ."

இதழ் வந்த மறுநாள் அண்ணாச்சியே சங்கத்துக்கு வந்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எம்மா, என்னத்த வரைஞ்சு வச்சிருக்க? காலையிலேருந்து நாற்பது வக்கீல். படத்துல உள்ள வக்கீலுக்குக் கழுத்துல வெள்ளைப் பட்டை எங்கேன்னு உசிரை எடுக்காவ. ஒருத்தர் விதி எண்ணோட சொல்லுதாரு."

"வக்கீல் கண்ணு தப்பைத்தான் முதல்ல படிக்கும் அண்ணாச்சி. பின்னட்டையில பட்டையோட பெரிசா வரைஞ்சிருதேன்" என்று ஒப்பந்தத் தாளை நீட்டினாள்.

அண்ணாச்சி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். திட்டியவர்களில் ஆறு பேர் கோட்டுக்கு அளவு கொடுக்க வருவதாகவும் சொல்லியிருந்தார்கள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பட்டையைப் போட்டுரு. பொத்தான்ல ஒண்ண மட்டும் விட்டுரு."