எங்கே வெட்டுவது?

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தாள் யாழரசி. அதில் மருத்துவமும் இருந்தது, செருப்பு வடிவமைப்பும் இருந்தது.

ஆய்வுக்குழுத் தலைவர் மார்த்தாண்டனுக்கு அது பிடிக்கவில்லை. "இது என்ன கதம்பச் சாதமா? ஒரு துறையை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை வெட்டிடு. இல்லேன்னா பட்டத்தை மறந்துடு" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார்.

யாழரசி தலையாட்டினாள். "வெட்டிடறேன் சார். எங்கே வெட்டணும்னு மட்டும் உங்க செருப்புல ஒரு கோடு போட்டுக் காட்டிடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். டாக்டர் சொன்னபடி பொறியாளர் செய்துகொடுத்த செருப்பு. அதைப் போட்ட பிறகுதான் அவருடைய சர்க்கரைப் புண்ணே ஆறியது.

காலை மெல்ல நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"வலியில துடிச்சப்ப இது எந்தத் துறைன்னு நான் கேக்கலையேம்மா" என்றார். "உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு."