உடும்புப் பிடியும் செம்மண் மேடும்

கடலோரத்தில் ஒரு செம்மண் மேடு. அதன் விளிம்பில் பொந்து தோண்டி ஓர் உடும்பும் அதன் மனைவியும் குடியிருந்தன. உடும்புக்குத் தலைக்கனம் அதிகம். ‘உடும்புப் பிடி’ என்று மனிதர்கள் சொல்வதை எப்போதோ காதில் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து அதன் வாயில் வேறு பேச்சே கிடையாது.

ஐப்பசி பிறந்தது. வாடைக்காற்று கிளம்பியது. அலைகள் மேட்டின் அடியில் வந்து மோதின.

ஒருநாள், கீழே வளையில் வசிக்கும் நண்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தது.

“அண்ணாச்சி, அலை அடிமண்ணை அரிச்சிட்டுப் போயிட்டு. உள்ள பத்து முழத்துக்குக் குகை மாதிரி கிடக்கு. நீங்க நிக்கிறது வெறும் கூரை மேல. சீக்கிரம் காலி பண்ணுங்க.”

உடும்பு நாக்கை நீட்டிச் சிரித்தது. “பக்கவாட்டுல நடக்கிற பய, எனக்கு நேர்வழி காட்ட வந்துட்டியாலே? போ, போய் வளையில படு.”

கார்த்திகையில் பொந்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. மழைத்தண்ணீர் இறங்க இறங்க, முதலில் நகம்கூட நுழையாத வெடிப்பில் பிறகு வாலே நுழைந்தது. மனைவி வெடிப்பை எட்டிப் பார்த்துவிட்டு உடும்பிடம் ஓடி வந்தது.

“வயித்துல முட்டை இருக்கு. பனங்காட்டுப் பக்கம் போயிருவோம். அங்க ஒரு கரையான் புத்து காலியாக் கிடக்கு.”

“புத்துலயா? உடும்புப் பிடின்னு ஊரே பேசுது. காத்துக்குப் பயந்து ஓடினா அந்தப் பேரு என்னத்துக்கு ஆகும்?”

“பேரு குஞ்சைக் காப்பாத்துமா? நான் போறேன். நீங்க பேரைக் கட்டிக்கிட்டு இருங்க.”

மனைவி போய்விட்டது. மூன்றாம் நாள் பட்டப்பகலில் புயல் வந்தது. அரைப்பனை உயரத்துக்கு அலை எழுந்தது. உடும்பு நான்கு கால் நகங்களையும் மண்ணில் ஆழப் பதித்துக்கொண்டது. “இழு பார்ப்போம்!” என்று கடலைப் பார்த்துக் கத்தியது.

கடல் அதை இழுக்கவே இல்லை. இந்த வீரனை அது கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அடியில் மிச்சமிருந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனது. வெடிப்பு வாய் பிளந்தது. மேட்டின் விளிம்பு மொத்தமாகச் சரிந்து கீழே விழுந்தது.

புயல் ஓய்ந்தபின் நண்டு வந்து பார்த்தது. கரையில் ஒரு பெரிய மண்கட்டி கிடந்தது. அதன் அடியில் உடும்பு நசுங்கிச் செத்துக் கிடந்தது. ஒரு நகம்கூட மண்ணை விட்டிருக்கவில்லை.

“பிடியில ஒரு குறையும் இல்ல, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நண்டு தன் வழியே போனது.

தான் பிடித்திருப்பது நிலைக்குமா என்று குனிந்து பார்க்காமல், பிடியின் பெருமையை மட்டும் பேசுகிறவன் அதோடு சேர்ந்தே விழுவான்.